டூரிங் வண்டி எடுத்த கதை: பின்பக்க ஸ்பிரிங் வரை

ஒருவழியாக என் டூரிங் பைக்கின் பின்பக்க ஸாக், அதாவது பாரத்தில் பின்புறம் அமுங்கும் அளவு, 53 மில்லிமீட்டரில் வந்து நின்றது. இரண்டு பேர், இரண்டு பக்கப் பெட்டி, டேங்க் பை, முழு டேங்க் பெட்ரோல் எல்லாம் ஏற்றிய பிறகு 53. இந்த வண்டியின் பின்பக்க டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரம், 160. ஆக, மூன்றில் ஒரு பங்கு. இந்த ஒரு எண்ணைப் பார்க்கத்தான் இத்தனை பாடு. அந்தச் சந்தோஷத்திலேயே எழுதிவிடுகிறேன்.

எடுத்தது ஒரு பழைய 650 சிசி இரட்டை சிலிண்டர். தேடும்போது சிசி, குதிரைத்திறன், டார்க் எல்லாம் பார்த்தேன்தான். ஆனால் தொலைதூரம் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் வேறு. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையில் அதன் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு? பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வரம்பு 465 கிலோ. பெட்ரோலோடு வண்டி 249 கிலோ. மிச்சம் 216. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸோடு ஓட்டுகிறவர் 85, பின்னால் இருப்பவர் 70 என்றால் 155 அங்கேயே போய்விடும். மீதி 61 கிலோவுக்குள் பெட்டிகள், அவற்றின் தாங்கி, உள்ளே வைக்கும் சாமான் எல்லாம் அடங்க வேண்டும். அவ்வளவு பெரிய வண்டிக்கே இந்தக் கணக்கு என்றால், அதைவிடச் சின்ன வண்டியில் அலுமினியப் பெட்டி மூன்றை மாட்டுவதற்கு முன் தாளும் பேனாவுமாக உட்காருவது அவசியம்.

மற்றதையெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டேங்க் கொள்ளளவைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, மைலேஜோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். சுசுகி வி-ஸ்ட்ராம் 650-க்கு 20 லிட்டர், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு 17 லிட்டர். இரண்டும் ஒரே மூச்சில் நல்ல தூரம் போகும். டியூப்லெஸ் டயர் கட்டாயம், ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமல் பிளக் வைத்துக் கிளம்பலாம். செயினுக்குப் பதில் தண்டு மூலம் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவ் சுகம்தான், எடையும் விலையும் கூடும். எனக்குச் செயினே போதும், தினம் சாயங்காலம் எண்ணெய் விடுவது ஒரு வேலையே இல்லை. பெரிய அட்வென்ச்சர் வண்டிகளைப் பார்த்து மயங்காமல், நம் கால் தரையில் நன்றாகப் பதிகிற வண்டியைத்தான் எடுக்க வேண்டும். சாமானோடு சரிவில் நிறுத்தும்போது அது புரியும்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருகிறேன்.

டெஸ்ட் ரைடில் வண்டி அருமையாகத் தெரியும். தெரியத்தானே செய்யும்? ஒரே ஆள், காலிப் பெட்டி, பத்து நிமிஷம். அநேகமாக எல்லா வண்டியிலும் தொழிற்சாலையில் போடுகிற பின் ஸ்பிரிங் பலவித எடைக்கும் ஒத்துப்போகிற மாதிரி நடுவாந்தரமாகத்தான் இருக்கும். அதில் இரண்டு பேரும் சாமானும் ஏறியதும் பின்புறம் உட்கார்ந்துவிடும், முன்புறம் தூக்கிக்கொள்ளும். முன் ஃபோர்க் படுத்த கோணத்துக்குப் போவதால் வளைவில் வண்டி திரும்ப யோசிக்கும். வேகம் கூடினால் ஹேண்டில் லேசாக ஆடும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். எல்லாவற்றையும்விட எளிதில் பிடிபடுகிற அடையாளம் சைடு ஸ்டாண்ட். பின்புறம் அமுங்கினால் ஸ்டாண்ட் நீளம் கூடியது போலாகி, வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்கும். ஒரு காற்று அடித்தால் ஸ்டாண்டுக்கு எதிர்ப் பக்கம் விழும். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அளந்த விதத்தைச் சொல்கிறேன். பின் அச்சு நட்டின் மையத்திலிருந்து நேர் மேலே, வால் பக்க பாடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டேன். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும்போது நட்டிலிருந்து கோடு வரை 612 மில்லிமீட்டர். வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது 594. எல்லாம் ஏற்றியபோது 540. அதாவது 72 மில்லிமீட்டர் அமுக்கம், டிராவலில் ஏறக்குறைய பாதி சும்மா நிற்கும்போதே காலி. பிறகு பள்ளத்துக்கு எங்கே இடம்?

அளக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஷாக்கிலும் (ஷாக் அப்சார்பர்) அதைப் பின் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற லிங்கேஜிலும் இருக்கிற உராய்வால் வண்டி ஒரே இடத்தில் வந்து நிற்காது. அமுக்கி மெதுவாக விட்டால் ஒரு எண், தூக்கி மெதுவாக இறக்கினால் வேறொரு எண். இரண்டையும் எடுத்துச் சராசரிதான் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் அதிகமாக வந்தால் லிங்கேஜ் பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கிறது என்று பொருள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், விலை பேச உதவும். எனக்கு அளவு டேப் பிடித்தது தம்பி. "அண்ணா, அசையாதீங்க, மறுபடியும் மாறுது" என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்க, நாங்கள் இரண்டு பேரும் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸோடு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து பிரீலோடு நாப், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கிற திருகு. முழுக்கத் திருகிவிட்டேன். ஏற்றிய அமுக்கம் 72-லிருந்து 58 ஆனது. நிறைய பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். வண்டியை மட்டும் அளந்து பாருங்கள், உண்மை தெரியும்: 18 இருந்தது 4 ஆகிவிட்டது. ஆள் இல்லாதபோது சக்கரம் கீழே இறங்கவே இடமில்லை. பிரீலோடு வண்டியின் உயரத்தை மாற்றுமே ஒழிய ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காது. இரண்டு நிலையிலும் காலிக்கும் பாரத்துக்கும் இடையே அதே 54 இருப்பதைக் கவனியுங்கள். ஏற்றிய ஸாக் சரியாக வருவதற்குள் காலி ஸாக் மறைந்துபோனால் ஸ்பிரிங் மெலிது. தீர்வு வேறு ஸ்பிரிங்தான், வேறு வழியில்லை.

ஸ்பிரிங் விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி மாடலை மட்டும் கேட்டுவிட்டு உடனே பணம் அனுப்பச் சொன்ன ஒருவரை அதே நிமிஷம் விட்டுவிட்டேன். நல்ல விற்பனையாளர் உங்கள் எடை, பின்னால் இருப்பவர் எடை, சாமான் எடை, எந்த மாதிரிச் சாலை என்று நான்கையும் கேட்பார். ஹைப்பர்ப்ரோ போன்றவர்களின் புரோகிரெசிவ் ஸ்பிரிங் அமுங்க அமுங்கக் கெட்டியாகும். தனியாகவும் ஜோடியாகவும் மாறி மாறி ஓட்டுகிறவர்களுக்கு அது வசதி. நான் எப்போதும் பாரத்தோடுதான் போகிறேன் என்பதால் பழையதைவிடக் கால் பங்கு கெட்டியான லீனியர் ஸ்பிரிங் (எவ்வளவு அமுங்கினாலும் ஒரே கெட்டி) எடுத்தேன். இப்போது காலி 10, பாரம் ஏற்றினால் 53.

ஸ்பிரிங் மாற்றியதோடு கதை முடியாது. கெட்டி ஸ்பிரிங் வேகமாகத் திருப்பித் தள்ளும், அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தைத் தடுக்கிற ரீபவுண்டைக் கூட்டியே ஆக வேண்டும். அளவுக்கு மீறிக் கூட்டினால் தொடர் மேடு பள்ளத்தில் ஷாக் எழுவதற்குள் அடுத்த அடி விழுந்து, வண்டி படிப்படியாக இறங்கிவிடும். நிறுத்தி வைத்துப் பின்புறத்தை அழுத்தி விட்டால் ஒரே முறை எழுந்து அடங்க வேண்டும், துள்ளவும் கூடாது, தூங்கவும் கூடாது. இதைச் சாலையில் ஓட்டித்தான் முடிக்க வேண்டும், ரீபவுண்டு திருகு இன்னும் ஒரு கிளிக் அங்கே இங்கே ஆகலாம். பின்புற உயரம் மாறியதால் செயின் தளர்வையும் மறுபடி பார்த்தேன். செயின் ஓடும் முன் பல்சக்கரம் (ஸ்பிராக்கெட்), பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் அசைகிற பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் அதிகபட்சமாக இறுகும். அந்த நிலையில் கொஞ்சமாவது தளர்வு இருக்க வேண்டும். டயர் காற்று கையேட்டில் ஜோடிக்குச் சொன்னபடி முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ.

முன் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க அதில் ஜிப் டை கட்டி வைத்திருக்கிறேன், அளவெடுக்கவில்லை. அதற்குள் சீட் வேலையில் கை வைத்துவிட்டேன். பின்புறம் நிமிர்ந்ததும் சீட் முன்னால் சரிகிறது, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கில் போய் முட்டுகிறேன். முன்பகுதி ஃபோமை உயர்த்தி, தொடை படுகிற விளிம்பைச் சரித்து வெட்டலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். மேலே ஜெல் பேட் வைப்பதா, அடர்த்தியான ஃபோமையே முழுக்கப் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஜெல் வெயிலில் நின்றால் சூடேறுகிறது என்கிறார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்கிறேன்.