பார்வையாளர் வரிசையில் ஒரு குரல்

சென்னையில் ஒரு கேப்ஷன் நிறுவனத்தில் மூன்றரை ஆண்டுகள் இரவு ஷிப்டில் வேலை பார்த்தேன். அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் காது கேளாதவர்களும் பார்க்கும்படி, திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைத் தயாரிப்பது எங்கள் வேலை. பேச்சை மட்டும் எழுதினால் போதாது. கதவு தட்டும் சத்தம், தொலைபேசி மணி, சிரிப்பு, கைதட்டல் எல்லாம் எழுத்தாக வேண்டும். 1996இல் அமெரிக்காவில் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு இது ஒளிபரப்புவோரின் கடமையாகிவிட்டது. அந்தக் கடமை பழைய நிகழ்ச்சிகளுக்கும் படிப்படியாக நீண்டது. அப்படித்தான் 1950களின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகள் எங்கள் மேசைக்கு வந்தன.

அரை மணி நேர அத்தியாயம் ஒன்றை முடிக்க எனக்கு ஆரம்பத்தில் ஏழு மணி நேரம் ஆனது. காலடியில் இருக்கும் பெடலை அழுத்தி ஓட்ட வேண்டும், நிறுத்த வேண்டும், இரண்டு நொடி பின்னால் போக வேண்டும், மறுபடி கேட்க வேண்டும். ஒரு வரிக்கு 32 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. திரையின் கீழே ஒலி அலை மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் காது கேட்பதற்கு முன்பே கண் அதைப் படிக்கப் பழகிவிடும். பேச்சு சின்னச் சின்னக் கதிர்களாகத் தெரியும். சிரிப்பு பெரிய கரும்திட்டாகத் தெரியும்.

'ஐ லவ் லூசி' என்ற 1950களின் நகைச்சுவைத் தொடரின் முதல் கோப்பு வந்த இரவில், நான் முதலில் கவனித்தது அந்தத் திட்டுகளைத்தான். மற்றத் தொடர்களில் சிரிப்புத் திட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும், பதிவு செய்து வைத்த சிரிப்பை ஒட்டியிருப்பார்கள். இதில் ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம். ஒன்று மெல்லத் தொடங்கி வெடிக்கும், ஒன்று அடங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறும். அது இறங்கி முக்கால்வாசி அடங்கும் இடத்தில், லூசியாக நடித்த லூசில் பாலின் அடுத்த வசனம் தொடங்கும். கொஞ்சம் முன்னால் பேசியிருந்தால் வசனம் சிரிப்பில் மூழ்கியிருக்கும். கொஞ்சம் பின்னால் என்றால் சூடு ஆறியிருக்கும். அத்தியாயம் அத்தியாயமாக அந்த இடம் தப்பவே இல்லை. நடிப்பைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாத காலம் அது. ஆனாலும் தொழில் தெரிந்த ஒருத்தியின் கை என்று புரிந்தது.

அந்தச் சிரிப்பு உண்மையான மனிதர்களுடையது. ஹாலிவுட்டில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் சுமார் 300 பேர் உட்கார இருக்கை போட்டு, அவர்கள் முன்னால் நாடகம்போல் நடித்து, மூன்று கேமராக்களில் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். இருக்கைகளுக்கு மேலே மைக்குகள் தொங்கின.

அந்த மைக்குகளில் ஒன்றில் விழுந்த குரல்தான் எனக்கு வேலையில் முதல் தலைவலி. லூசி ஏதோ வம்பில் மாட்டப்போகும் நேரம். யாரோ ஒரு பெண் 'அ-ஓ' என்கிறாள். நம் ஊரில் 'அய்யய்யோ' என்போமே, அந்த மாதிரி. பக்கத்து வீட்டு எத்தல் பாத்திரத்தில் நடித்த விவியன் வான்ஸின் வசனம் என்று நினைத்து எத்தல் பெயரிலேயே போட்டுவிட்டேன். கோப்பு திரும்பி வந்தது. எத்தலின் வாய் அசையவில்லை என்று தரப் பரிசோதனையில் குறித்திருந்தார்கள். பிழை ஒன்றுக்கு மதிப்பெண் போகும், மதிப்பெண் போனால் அந்த மாத ஊக்கத்தொகை போகும். எனக்கு அந்த மாதம் போனது.

அதற்குப் பிறகு அந்தக் குரலுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த கோப்பில் வந்தது. இரண்டு கோப்பு தள்ளி மறுபடி வந்தது. வேறு வாரம், வேறு கதை, பார்வையாளர்களும் வேறு. குரல் மட்டும் அதே குரல். யாரிடமாவது கேட்கலாம் என்றால் இரவு இரண்டு மணிக்கு எல்லாரும் ஹெட்ஃபோனுக்குள் இருப்பார்கள். கடைசியில் லூசில் பாலின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் விடை கிடைத்தது. அது அவருடைய அம்மா. எல்லாரும் டீடீ என்று கூப்பிட்ட அந்த அம்மாள் மகளின் படப்பிடிப்புக்கு வாராவாரம் வந்து பார்வையாளர்களோடு உட்கார்ந்துவிடுவார். கதையில் மகள் மாட்டப்போகிறாள் என்றால் வாயை அடக்க முடியாது.

தெரிந்துகொண்ட அன்று ரொம்ப நேரம் வேலை ஓடவில்லை. அந்த அம்மாளும் மகளும் பட்டதையும் சேர்த்துப் படித்திருந்தேன்.

லூசில் பால் 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் ஊரில் பிறந்தார். அப்பா தொலைபேசிக் கம்பி இழுக்கும் தொழிலாளி. 1915இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். லூசிலுக்கு அப்போது மூன்று வயது, அம்மா வயிற்றில் தம்பி. அம்மா மறுமணம் செய்துகொண்டு புதுக் கணவரோடு வேலை தேடி வெளியூர் போனார். சிறுமியை அந்தக் கணவரின் பெற்றோரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அவர்கள் கட்டுப்பெட்டியான குடும்பம். குளியலறையைத் தவிர வீட்டில் எங்கும் கண்ணாடி கிடையாது, தன் முகத்தைத் தானே பார்த்து ரசிப்பது அவர்கள் கணக்கில் பாவம். பின்னாளில் உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த முகங்களில் ஒன்றாக ஆகப்போகிற பிள்ளை, கண்ணாடி இல்லாத வீட்டில் அம்மாவை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். அதைப் படித்த பிறகு அந்த 'அ-ஓ' எனக்குச் சத்தமாக மட்டும் கேட்கவில்லை.

பதின்வயதில் நியூயார்க் நகரத்தில் ஒரு நாடகப் பள்ளியில் சேர்த்தார்கள். கூச்ச சுபாவம் தாங்காது, பணத்தை வீணாக்காதீர்கள் என்று பள்ளியிலிருந்து அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் மாடல் வேலை, 1933இல் ஹாலிவுட்டில் கூட்டத்தோடு நிற்கும் அழகிகளில் ஒருத்தி, அதன்பின் சின்னச் சின்னப் படங்கள். சுமார் இருபது வருடம் இப்படி. தொடர் தொடங்கிய 1951 அக்டோபர் 15 அன்று அவருக்கு வயது நாற்பது. இந்தக் கணக்கை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு, வேலையில் ஒன்றும் நகரவில்லை என்ற கவலை தீராமல் இருந்தது.

தான் வேடிக்கையான ஆள் இல்லை, தனக்கு இருப்பது துணிச்சல்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது தன்னடக்கம் இல்லை என்பது என்னைப்போல் நொடி நொடியாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1952 மே மாதம் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் லூசி ஒரு டானிக் விளம்பரத்துக்கு ஒத்திகை பார்ப்பாள். டானிக்கின் பெயர் வைட்டமீட்டவெஜமின், வாயில் நுழையாத பெயர். அதில் 23 சதவீதம் ஆல்கஹால். ஒவ்வோர் ஒத்திகைக்கும் ஒரு கரண்டி குடித்துக் குடித்து அவளுக்குப் போதை ஏறிவிடும். அந்தப் பேச்சைக் கேப்ஷனாக எழுத வேண்டும். உளறல் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டு நகர எங்கள் விதியில் இடமில்லை, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டு போனபோதுதான் பிடிபட்டது. முதல் முறை சுத்தமாகச் சொல்கிறாள். பிறகு முகம் மாறுகிறது, நாக்கு தடிக்கிறது, கடைசியில் சொற்களின் தலையும் வாலும் இடம் மாறிக்கொள்கின்றன. குழப்பம் படிப்படியாகக் கூடுகிறது, ஒரு படி கூடத் தாண்டவில்லை. அதே நீண்ட வசனத்தை இத்தனை விதமாகக் கலைத்துப் பேச, அதை முதலில் எத்தனை முறை ஒழுங்காகப் பேசிப் பழகியிருக்க வேண்டும்!

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த சாக்லேட் தொழிற்சாலை அத்தியாயம் எல்லாரும் பார்த்திருப்பது. ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். பட்டையின் வேகம் ஏறும்போது லூசியும் எத்தலும் அவற்றை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிப்பார்கள். கேப்ஷன் எழுதுபவருக்கு அந்தக் காட்சியில் வேலையே இல்லை. சிரிப்பு என்று எழுதுகிறோம், சிரிப்பு தொடர்கிறது என்று எழுதுகிறோம், அவ்வளவுதான். காது கேட்பவருக்கும் கேளாதவருக்கும் வித்தியாசம் இல்லாத இடம் அது. அந்த வேலையில் நான் இருந்த காலத்தில் எங்கள் எழுத்தே தேவைப்படாமல் ஒரு காட்சி நின்றதைப் பார்த்தது அப்போதுதான்.

அந்தக் கோப்புகள் அவ்வளவு தெளிவாக இருந்ததற்கும் காரணம் உண்டு. அதே ஆண்டுகளின் வேறு நிகழ்ச்சிகள் எங்களிடம் வரும்போது படம் சேறு கலக்கியதுபோல் இருக்கும், பேச்சுக்கு மேல் இரைச்சல் இருக்கும். அவை நியூயார்க்கில் நேரலையாக ஒளிபரப்பாகி, டிவித் திரைக்கு எதிரே கேமராவை வைத்துப் பிடித்த பிரதிகள். லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி ஆர்னஸும் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்தார்கள். அப்படியானால் ஃபிலிமில் எடுக்க வேண்டும், செலவு கூடும். அந்தச் செலவுக்காக வாரச் சம்பளத்தில் 1,000 டாலரை விட்டுக்கொடுத்தார்கள், பதிலுக்கு ஃபிலிமின் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று சேனல் அதைக் கொடுத்துவிட்டது. மறு ஒளிபரப்பு என்கிற வியாபாரமே அதிலிருந்துதான் பெருகியது. ஒளியமைப்புக்குக் கார்ல் ஃப்ராய்ண்ட் என்ற ஜெர்மானிய ஒளிப்பதிவாளரை அழைத்து வந்தார்கள். ஆஸ்கர் வாங்கியவர். மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒரு முகத்திலும் நிழல் விழாதபடி விளக்குகளை மேலேயிருந்து பரவலாக அமைத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து வேறொரு கண்டத்தில் ஒருவர் உதட்டசைவைப் பார்த்துச் சந்தேகம் தீர்த்துக்கொள்ள முடிகிறது என்றால் அது அந்த விளக்கின் வேலை.

டெசி ஆர்னஸ் க்யூபாவிலிருந்து வந்தவர். அமெரிக்கப் பெண்ணுக்கு அவரைக் கணவராகக் காட்டினால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று சேனல் தயங்கியது. இருவரும் 1950இல் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்திக் கூட்டத்தைச் சிரிக்கவைத்துக் காட்டினார்கள். வாதம் செய்வதைவிட அது நல்ல வழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1952 டிசம்பரில் வந்த ஓர் அத்தியாயம் என்னால் ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் போனது. லூசில் பால் அப்போது உண்மையிலேயே கர்ப்பம். அதைக் கதையிலும் கொண்டுவந்தார்கள், ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லைத் தொலைக்காட்சியில் உச்சரிக்கக்கூடாது. பாதிரியார், போதகர், யூத குரு என மூன்று பேர் வசனங்களைப் படித்து ஒப்புதல் தந்தார்கள். கணவர் பாடிக்கொண்டிருக்கும் விடுதியில் லூசி அந்தச் செய்தியை அவருக்குத் தெரியப்படுத்தும் காட்சி. அவர் பாடும்போது குரல் உடைகிறது. லூசி அழுகிறாள். அது நடிப்பு இல்லை. முன்பு குழந்தைகளை இழந்த தம்பதி அவர்கள். அந்த ஷாட்டையே வைத்துக்கொண்டார்கள். பாடல் வரிகளை எழுதிவிட்டேன். அந்த உடைந்த குரலுக்கு என்ன குறிப்பு எழுதுவது என்று பல நிமிடம் தெரியவில்லை. விதிப் புத்தகத்தில் இருந்த சொற்கள் எதுவும் பொருந்தவில்லை.

1953 ஜனவரி 19 அன்று கதையில் லூசிக்குப் பிள்ளை பிறந்தது. அதே நாள் நிஜத்திலும் பிறந்தது. 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் அதிபர் ஐசனோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் 2 கோடியே 90 லட்சம். அதே ஆண்டு செப்டம்பரில் லூசில் பால்மேல் கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டு வந்தது. சோஷலிசத்தில் நம்பிக்கை வைத்திருந்த தாத்தாவைச் சந்தோஷப்படுத்த 1936இல் வாக்காளர் பதிவில் அந்தக் கட்சியின் பெயரைக் கொடுத்திருந்தார். எத்தனையோ பேரின் பிழைப்பைக் கெடுத்த அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பி அந்த வாரமும் மேடைக்கு வந்தார்.

சரி, திருமணம் நிலைக்கவில்லை. 1960இல் விவாகரத்து. 1962இல் கணவரின் பங்குகளை வாங்கிக்கொண்டு டெசிலுவின் தலைவரானார். பெரியதொரு தொலைக்காட்சி ஸ்டூடியோவை நடத்திய முதல் பெண் அவர். 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' இரண்டும் அவருடைய ஸ்டூடியோவில் உருவானவை. ஒரு காலத்தில் ஒப்பந்த நடிகையாக அவர் வேலை பார்த்த ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் தளங்கள் 1957லேயே டெசிலுவின் சொத்தாகியிருந்தன. 1967இல் நிறுவனத்தை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றார். தலைவர் நாற்காலியில் இருந்த காலம் முழுக்க வாராவாரம் நடித்துக்கொண்டும் இருந்தார். அந்தப் பின்னாளைய தொடர்களின் கோப்புகளும் சில என்னிடம் வந்தன. அவற்றிலும் அம்மாவின் குரலைத் தேடினேன்.

அம்மா 1977இல் இறந்தார், மகள் 1989 ஏப்ரல் 26 அன்று.

ஊக்கத்தொகை போன கதையை மறந்த பிறகு, எங்கள் மேற்பார்வையாளரிடம் ஒருமுறை கேட்டேன். அந்தக் குரலுக்குத் தனியாக ஒரு குறிப்பு போடலாமா, பார்வையாளர்களில் ஒரு பெண் என்றாவது? பொறுமையாகக் கேட்டார். பார்வையாளர் சத்தம் என்றால் சிரிப்பு, கைதட்டல், இவ்வளவுதான் வாடிக்கையாளரின் விதியில் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் காது கேளாத யாரோ ஒருவர் அந்தத் தொடர் முழுவதையும் பார்த்து முடித்தாலும், அங்கே ஒரு தாய் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வேலையை விடுவதற்கு முந்தைய வாரம் கடைசியாக ஒரு லூசி கோப்பு வந்தது. விடிகாலை நாலு மணி இருக்கும். அலையில் ஒரு திட்டு ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தனியாக ஒரு சின்னக் கதிர். கேட்காமலே தெரிந்தது. கர்சரை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன், பெடலை அழுத்தினேன். 'அ-ஓ'. எதுவும் தட்டவில்லை. பின்னால் போய் இன்னொரு முறை கேட்டேன். அப்புறம் அதற்கடுத்த சிரிப்பை எழுதினேன்.