ஜெர்மனிக்குப் போகும் பிள்ளைகளும் 'வேண்டாம்' என்ற பதிலும்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு செமஸ்டர் படிக்க ஜெர்மனிக்குப் போகும் மாணவர்களைத் தயார்படுத்தி அனுப்புவது என் பொறுப்பு. விசா, காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அலைச்சல்தான், ஆனால் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். இதையெல்லாம் சீனியர்களின் வாட்ஸாப் குழுவே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

நான் மெனக்கெடுவது வேறு ஒன்றுக்கு. வாய் திறந்து கேட்பதற்கு. நம் பிள்ளைகள் கேட்காமலேயே கவனிக்கப்பட்டு வளர்ந்தவர்கள். முகம் கொஞ்சம் வாடினால் அம்மா கண்டுபிடித்துவிடுவார், ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பையன் கதவைத் தட்டி "சாப்ட்டியாடா" என்பான். அங்கே, நீங்களாகச் சொல்லாத விஷயத்தைத் துருவிக் கேட்பது அத்துமீறல் என்று நினைப்பவர்கள் அதிகம். கேட்டுவிட்டால் பொறுமையாக உட்கார்ந்து உதவுபவர்களும் அவர்களேதான்.

ஒரு மாணவியை, கூடத் தங்கியிருந்த பெண் தன் பெற்றோர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். இரண்டாவது முறை உருளைக்கிழங்குப் பாத்திரம் வந்தபோது இவள் வழக்கம்போல 'வேண்டாம்' என்றாள், பாத்திரம் அப்படியே அடுத்தவரிடம் போய்விட்டது. "இன்னொரு தடவை கேக்கவே இல்ல மேடம்" என்று போனில் சொன்னபோது குரல் கம்மியிருந்தது, தன்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் அவள் சொன்னதை அப்படியே மதித்தார்கள், அவ்வளவுதான். இதை அவளுக்குப் புரியவைக்க நெடுநேரம் பேச வேண்டியிருந்தது.

அதனால் இப்போது வகுப்பில் நடித்துப் பார்க்கிறோம். ஒருவர் வீட்டு உரிமையாளர், இன்னொருவர் ஹீட்டர் வேலை செய்யாத அறையில் இருக்கும் மாணவர். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னால், வணக்கம், நலம், மன்னிப்பு எல்லாம் தாண்டி மூன்றாவது பத்தியில்தான் விஷயமே வருகிறது. நான் யார், என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்ற மூன்றும் முதல் சில வரிகளிலேயே வரும் வரை திருப்பி எழுதவைப்பேன். பேராசிரியரைச் சந்திக்க ஒதுக்கப்பட்ட நேரம் ஏதோ தப்பு செய்தவர்களுக்கானது என்று நினைத்து ஒதுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது சந்தேகம் கேட்கத்தான் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் நவம்பர். மானுடவியலாளர் கலர்வோ ஒபெர்க் 1960-இல் எழுதிய கட்டுரையில், புது ஊர் முதலில் தேனிலவு மாதிரி இனிக்கும், நெருக்கடி பிறகுதான் வரும் என்கிறார். எங்கள் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறேன். அக்டோபர் முழுக்க போட்டோவாக வந்து குவியும். அந்த மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், நமக்கும் அவர்களுக்கும் நேர வித்தியாசம் மூன்றரையிலிருந்து நாலரை மணி ஆகும், மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். இங்கே அம்மா ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அங்கே நாலரை. வீட்டோடு பேசிப் பேசியே சாயங்காலம் முழுவதும் அறைக்குள் கழிந்துவிடும்.

பெற்றோர் கூட்டத்தில் இதை வெளிப்படையாகவே சொல்கிறேன், தினமும் வேண்டாம், நேரம் குறித்துப் பேசுங்கள் என்று. "பேசாம எப்படி மேடம் இருக்கிறது?" என்று ஒரு அப்பா கேட்டார். அவர் கவலை நியாயமானது. ஆனால் அந்தச் சாயங்காலத்தில்தான் பிள்ளை பல்கலைக்கழகத்தின் குறைந்த கட்டண விளையாட்டு வகுப்புக்கோ, பக்கத்து அறைக்காரர்களோடு சமைக்கவோ போக முடியும்.

புறப்படும் முன் கல்லூரி தரும் அரை நாளில் பெரும்பகுதி ஆவணங்களுக்கே போய்விடுகிறது. நவம்பர் நடுவில், அங்கிருக்கும் பிள்ளைகளோடு வீடியோவில் பேச இன்னொரு அமர்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அனுமதி வரும் வரை, போய் வந்த சீனியர்களை அந்த வாரங்களில் அவர்களுக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.