மூனுன்னா பாஸா டீச்சர்?

2020 ஏப்ரல் 15. மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி நாலு வாரம் ஆகியிருந்தது. அந்த ஆண்டு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் யூபிஎஸ்ஆர், படிவம் மூன்று (ஒன்பதாம் வகுப்பு) எழுதும் பிடி3 இரண்டு அரசுத் தேர்வும் ரத்து என்று கல்வியமைச்சர் ரட்ஸி ஜிடின் அறிவித்தார். எங்கள் ஆறாம் ஆண்டுப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழுந்தது கைதட்டும் பொம்மைகள்தான். பத்து நிமிஷம் கழித்து ஓர் அம்மா கேட்டார்: "அப்ப இவங்களுக்கு யாரு டீச்சர் மார்க் போடுவா?"

நான்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய அமைச்சர் துன் சம்பந்தன் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். அந்த வருஷம் வகுப்பில் 19 பேர்.

யூபிஎஸ்ஆர் இருந்தவரை எங்கள் வேலை பயிற்சி கொடுப்பது. தமிழ்ப்பள்ளிக்கு எட்டுத் தாள். எங்கோ யாரோ திருத்துவார்கள், முடிவு வரும். 8ஏ வாங்கினவனுக்கு மாலை. மலாயில் சறுக்கினவன் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்கு முன்னால் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் போவான். "தாள் கஷ்டம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அந்த வருஷம் தாளே இல்லை. வகுப்புசார் மதிப்பீடு மட்டும்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை. 1 என்றால் தெரியும். 2 தெரியும், புரியும். 3 தெரியும், புரியும், செய்யவும் முடியும். 6 என்றால் பிறருக்கு முன்மாதிரி. காகிதத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

பள்ளி மூடியிருந்த மாதங்களில் வாசிப்பைக் காணொளியாக அனுப்பச் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவனுடையது இரவு 9.40க்குத்தான் வரும். வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு செம்பனை ஆலைக்குப் போய்விடும். முதல் காணொளியில் ஒரு பத்தியைத் தட்டாமல் வாசித்திருந்தான். எனக்கு ஆச்சரியம். காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு திரும்பக் கேட்டேன். அவன் சொல்வதற்கு அரை விநாடி முந்தி ஒரு பெண்குரல் கிசுகிசுக்கிறது. படிவம் மூன்றில் இருக்கும் அக்கா. 'மெம்' என்று அவள், 'மெம்பாச்சா' (வாசிப்பது) என்று இவன். கோபம் வரவில்லை. பிடி3 ரத்தான பிள்ளை தம்பிக்கு டீச்சராகிவிட்டாள். ஆனால் இந்தக் காணொளிக்கு நான் என்ன எண் போட?

ஜூலை 15 ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கேட்டில் நெற்றிக்கு நேரே வெப்பமானி, பெயர் எழுதும் புத்தகம், வரிசை. நவம்பர் 9 நாடு முழுக்கப் பள்ளிகளை மறுபடி மூடும்வரை கிடைத்த அந்த நாலு மாதம்தான் எனக்குக் கண்ணால் பார்த்த சான்று.

நடுவில் ஆகஸ்டில் இங்கிலாந்துச் செய்தி ஒன்று படித்தேன். அங்கே பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் ஏ லெவல் தேர்வை எழுத முடியாமல் போக, ஆசிரியர் கொடுத்த தரங்களை ஒரு கணக்கீட்டு முறையில் போட்டு, நூற்றுக்குச் சுமார் 40ஐக் குறைத்துவிட்டார்களாம். பிள்ளைகள் தெருவில் இறங்க, 13ஆம் தேதி வெளியிட்ட முடிவை 17ஆம் தேதி திரும்பப் பெற்று, ஆசிரியர் கொடுத்த தரத்தையே ஏற்றுக்கொண்டார்கள். படித்ததும் எனக்குத் தெம்பு வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. எனக்குப் பின்னால் திருத்த ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் மகளுக்கு அந்த வருஷம் எஸ்பிஎம், படிவம் ஐந்தின் அரசுத் தேர்வு. அதை ரத்து செய்யவில்லை, தள்ளிப்போட்டார்கள். 2021 பிப்ரவரி 22 தொடங்கியது, ஜூன் 10 முடிவு. "உங்க பசங்க கொடுத்து வெச்சவங்க அத்தை" என்பாள். பதில் சொல்லவில்லை.

அந்தப் பையனுக்கு எழுத்து 2தான். 'சாயா பெர்கி கெடாய்' (நான் கடைக்குப் போகிறேன்) என்பதற்கு மேல் வாக்கியம் நீளாது. வாசிப்பு, அக்கா இல்லாமல், திக்கித் திணறி 3. அக்டோபரில் ஒரு காலை, கேட்டில் வரிசை நகரவில்லை. பார்த்தால் இவன் காவலரிடம் சைக்கிள் செயின் அறுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சரளமான மலாய். எங்கே அறுந்தது, யார் பிடித்துத் தள்ளினது, ஏன் தாமதம், எல்லாம். பாக் சிக், அதாவது காவலர் மாமா, சிரித்துக்கொண்டே வெப்பமானியைப் பிடித்தபடி நிற்கிறார். பேச்சுக்கு 4 என்று கைப்புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். மொத்த நிலை 3.

"சான்று எங்க டீச்சர்?" என்று சக ஆசிரியர் கேட்டார். காதால் கேட்டேன் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். மொத்த நிலை ஆசிரியரின் தொழில்முறைத் தீர்மானம் என்று வழிகாட்டியிலேயே இருக்கிறது, அதைக் காட்டினேன். அவன்மேல் எனக்கு இரக்கம் இருந்ததா என்றால், இருந்தது. எண்ணில் அது எவ்வளவு கலந்தது என்று எனக்கே தெரியாது.

இதைவிடப் பெரிய பிசகு எக்செலில் நடந்தது. பதிவேட்டு வரிசைக்கு மாற்றலாமென்று பெயர்களை அடுக்கினேன். பெயர் மட்டும் நகர்ந்தது, எண்கள் அசையவில்லை. நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு 2, அவளுக்குக் கீழே இருந்தவனுக்கு 6. அனுப்புவதற்கு முந்தின இரவு அந்தச் சான்று கேட்ட அதே ஆசிரியர்தான் போன் செய்தார்: "இந்தப் புள்ளைக்கு ரெண்டா? நெசமாவா?" 19 பேரையும் கைப்புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு முடிக்க விடியற்காலை மணி இரண்டு. தேர்வு வாரியத்தில் இதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். இங்கே நானும் ஒரு போனும்.

அறிக்கை வாங்க வந்த அம்மாக்களிடம் எண்ணை விளக்குவதே தனி வேலை. "ஏ எங்க டீச்சர்?" "நாலுன்னா நாலாவது ரேங்கா?" அந்தப் பையனின் அம்மா எதிர்வீட்டு லோரியில் தொற்றி வந்திருந்தார். தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மூனுன்னா பாஸா டீச்சர்?" செய்ய முடியும் என்று அர்த்தம்மா என்றேன். "பாஸுன்னே சொல்லுங்களேன்." பாஸ் என்றேன். அடையாள அட்டை நகல் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் மடித்துச் சொருகிக்கொண்டார்.

அடுத்த மார்ச் மாதம் மளிகைக் கடையில் அவனைப் பார்த்தேன். படிவம் ஒன்று. புதுப்பள்ளி எப்படிடா என்றேன்.

"இன்னும் புது டீச்சர் மொகத்தையே பார்க்கல டீச்சர். போன் அப்பாகிட்ட இருக்கு."

சொல்லிவிட்டு, கல்லாவில் நின்ற மலாய்க்காரரிடம் மீதிச் சில்லறைக்குத் தகராறு பண்ணத் திரும்பினான்.