மெட்டு ஏறும்போது மட்டும் முக்கும் மாருதி

கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) உள்ள பழைய வண்டி ஏற்றத்தில் முக்கினால், பார்க்கிறவர் கையெல்லாம் நேரே கார்பரேட்டருக்குத்தான் போகும். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுதான். கழற்றி மாட்டினால் பெரிய வேலை பார்த்த மாதிரியும் இருக்கும். மாமனார் கொடுத்த என் 1998 மாடல் மாருதி 800-க்கும் இதுவே நடந்தது.

கம்பத்திலிருந்து தேனிப் பக்கம் போனால் வண்டியில் ஒரு குறையும் கிடையாது. வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்குப் போக கம்பம்மெட்டு மலை ரோட்டில் ஏறும்போதுதான் வம்பு. வளைவில் செகண்ட் கியரில் மிதித்துப் பிடித்தால் கொஞ்ச தூரம் இழுக்கும். அப்புறம் குலுக்கிக் குலுக்கி அடங்கும். ஓரமாக நிறுத்தி சும்மா ஓடவிட்டால் தெளிந்துவிடும். இன்னொன்று: டேங்க் நிறைய இருந்தால் தொந்தரவு குறைவு, பாதிக்குக் கீழே இறங்கினால் அதிகம்.

குமுளி ஒர்க்‌ஷாப் சேட்டனிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஜெட் அடைச்சிருக்கு சாரே" என்று அவர் முன்னாடியே முடிவு செய்துவிட்டார். ஜெட் என்பது கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் நுண்துளை. கார்பரேட்டரைக் கழுவி, அதன் வாஷர் போன்ற சில்லறைச் சாமான்கள் அடங்கிய கிட்டை மாற்றி, பிளக்கும் மாற்றினார். அடுத்த வாரமும் வண்டி அதே வளைவில் நின்றது.

யோசித்துப் பாருங்கள். ஜெட் அடைத்திருந்தால், ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்ததும் அடைப்பு தானாக விலகுமா? சமதளத்தில் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் செலவு எகிறும். வரவு அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணம் காலியாகும். காலை எடுத்தால் மறுபடி நிறையும். முக்கும் நேரத்தில் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். ஒரு நொடி உயிர் வந்து மறுபடி படுத்தது. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கம்பத்தில் எங்கள் தெருமுனை மெக்கானிக் பாய் பழைய ஆள், டாக்ஸி அம்பாசடர்களைப் பார்த்துத் தேறியவர். "டேங்கிலேர்ந்து வருவோம் தம்பி" என்றார். முதலில் பெட்ரோல் மூடி. முக்கும்போது மூடியைத் திறந்து, 'உஸ்' என்று காற்று உள்ளே போய் வண்டி சரியானால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. அடுத்து ஆயில் அளவுக் கம்பியை உருவி முகர்ந்தார். இந்த வண்டியில் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் எஞ்சினோடு ஒட்டி, எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்டின் தள்ளலில் ஓடுவது. பம்புக்குள் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும், வாடை காட்டிக்கொடுத்துவிடும். வாடையும் இல்லை.

சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் வெறுமனே அடிக்கிறதோ என்று நான் கேட்டேன். அந்தக் காலத்தில் மலை ஏறும் ஃபியட், அம்பாசடர் ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டதெல்லாம் அதற்குத்தான். பாய் தலையாட்டினார். "பனி மூடின காலையிலயும் நிக்குதுன்னியே, அப்ப சூடு இல்ல."

அப்புறம் பிளக்குக்கு நெருப்பு போகாமல் காயில் வயரைக் கழற்றி, கார்பரேட்டருக்கு வரும் ஹோஸை உருவி ஒரு பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பெட்ரோல் விட்டுவிட்டு நன்றாக பீய்ச்சவேண்டும். பீய்ச்சியது, ஆனால் நுரையோடு. ஹோஸ்களை மாட்டி, பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றைப் போட்டு எஞ்சினை முறுக்கினார். உள்ளே சோடா உடைத்த மாதிரி குமிழ்கள் கிளம்பின.

விஷயம் அங்கேதான். பம்புக்குப் பிந்திய ஹோஸில் கீறல் இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகும், நாறும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். பம்புக்கு முந்திய பக்கம் உறிஞ்சும் பக்கம். அங்கே கீறல் இருந்தால் பெட்ரோல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். தரையில் சொட்டு விழாது. டேங்கில் மட்டம் குறையக் குறையப் பம்ப் கஷ்டப்பட்டு இழுக்கவேண்டும்; ஏற்றத்தில் மூக்கு மேலே, டேங்க் பின்னால் கீழே, இன்னும் கஷ்டம். இழுப்பு கூடினால் உள்ளே போகும் காற்றும் கூடும். என் வண்டி சொன்னதெல்லாம் இதைத்தான்.

டேங்கிலிருந்து இரும்புக் குழாய்க்கு வரும் குட்டி ரப்பர் ஹோஸைப் பாய் கழற்றிக் கொடுத்தார். மேலே பார்த்தால் நல்லா இருந்தது. விரலால் மடக்கினேன், கிளிப் கடித்த இடத்தைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக வாய் பிளந்தது.

வயசு ஒரு காரணம். பெட்ரோலையும் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டு, இப்போது 20-க்கு வந்திருக்கிறது. 1998-ல் செய்த ரப்பர் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸ் வாங்கும்போது பெட்ரோலுக்கென்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் டியூபை வெட்டி மாட்டும் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஹோஸும் கிளிப்பும் சேர்த்து இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. குமுளியில் கிட்டுக்குக் கொடுத்ததைக் கேட்காதீர்கள். வேண்டுமென்றே கால் டேங்க்கோடு மெட்டு ஏறினேன். செகண்டில் வளைவைத் தாண்டி, மேலே செக்போஸ்ட் வரைக்கும் ஒரே இழுப்பு. கார்பரேட்டரிலிருந்து மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ஹோஸும் அதே வயசுதான், மழைக்கு முன்னால் அதையும் மாற்றவேண்டும்.