பட்டியலுக்குக் கீழே ஒரு வரி

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் துணையாசிரியராக இருந்த ஆண்டுகளில் நான் எழுதியவற்றில், 2017 ஆகஸ்டு மாதத்து, தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதும் சீ விளையாட்டுப் போட்டிச் செய்திகளைத்தான் இன்றும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 38 விளையாட்டுகள், 404 தங்கங்கள் என்று நம் ஊரிலேயே நடந்த போட்டி அது. மலேசியாவின் இலக்கு 111 தங்கம். 2001இல் இதே நகரில் நாம் வென்றதும் அதே எண்ணிக்கைதான். ஆகஸ்டு 30 இரவு, மெர்டேக்கா எனும் சுதந்திர நாளுக்கு முந்தைய நாள், பட்டியல் 145 தங்கத்தில் வந்து நின்றது. அந்த எண்ணைப் பக்கத்தின் பாதி அகலத்துக்குப் பெரிதாக்கிப் போட்டேன்.

அதற்கு முந்தைய இரவுதான் காற்பந்து இறுதியாட்டம். ஷா ஆலம் அரங்கில் மூலை உதையிலிருந்து வந்த பந்தைக் குத்தி வெளியேற்ற முயன்ற நம் 19 வயது கோல்காவலர், அதைத் தம் வலைக்குள்ளேயே தள்ளிவிட, தாய்லாந்து 1-0 என்று வென்றது. வெற்றிச் செய்திக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தில், அச்சுக்குப் போக அரை மணி நேரமே இருந்தபோது, அவர் பெயரையே தலைப்பாக்கி எழுதினேன். மெய்ப்புப் பார்க்கும் அக்கா தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, அந்தப் பையனோட அம்மாவும் காலையில பேப்பர் பார்ப்பாங்கதானே?" என்றார். தலைப்பை மாற்றினேன். 90 நிமிடங்களில் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் போன ஆட்டத்தின் தோல்வியை ஒருவர் தலையில் ஏற்றப் பார்த்தது எவ்வளவு பெரிய அநீதி என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

145 என்ற எண்ணிலும் அதே அவசரத்தைத்தான் காட்டியிருக்கிறேன் என்பது புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. வெற்றிக்காகச் செப்டம்பர் 4இல் நாடே பொது விடுமுறை கொண்டாடியது. 2019இல் பிலிப்பீன்சில் நமக்குக் கிடைத்தது 55 தங்கம், ஐந்தாம் இடம். செந்தூலிலிருந்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "என்ன தம்பி, நம்ம பிள்ளைங்க இவ்வளவு கெட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. அவருக்கு அந்த வருத்தத்தைத் தந்தவன் நான்தான்.

சீ போட்டியில் எந்த விளையாட்டுகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பதில் ஏற்று நடத்தும் நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. 2017இல் 24 தங்கம் வென்ற பிலிப்பீன்ஸ், 2019இல் தன் மண்ணின் தற்காப்புக் கலையான அர்னிஸ் உட்பட 56 விளையாட்டுகளை வைத்து 149 தங்கம் வென்றது. நம் 145இலும் சொந்த மண்ணின் பங்கு இருந்தது. இதைச் சொல்வதால் அந்த வீரர்களின் உழைப்பு குறைந்துவிடாது. ஆனால் சொல்லாமல் விட்டால், அடுத்த முறை வெளிநாட்டில் நியாயமாக ஆடித் திரும்பும் பிள்ளைகள் வீணாகப் பழி சுமக்கிறார்கள். அதைப் பெரியவருக்கு விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் முன்பே எழுதியிருந்தால் இரண்டு வரிதான்.

அதன்பின் பதக்கப் பட்டியலுக்குக் கீழே, மொத்தத் தங்கங்கள் எத்தனை, ஏற்று நடத்தும் நாடு எது என்று ஒரு வரி சேர்க்கத் தொடங்கினேன். இடமில்லை என்று சில நாள் வெட்டுவார்கள். மறுநாள் மீண்டும் வைப்பேன்.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்கு 6 தங்கம்தான். அதில் ஒன்று ஸ்குவாஷ் ஒற்றையரில் சிவசங்கரி சுப்பிரமணியம் வென்றது. 2022 ஜூனில் சாலை விபத்தில் படுகாயமடைந்து, அந்த ஆண்டின் காமன்வெல்த் போட்டியையே இழந்தவர் அவர். அன்றைய பக்கத்தில் பட்டியலைக் கீழ் மூலைக்கு நகர்த்திவிட்டு, விபத்துக்கும் தங்கத்துக்கும் இடையிலான அந்தப் பதினைந்து மாதங்களுக்கு நான்கு பத்திகளையும் கொடுத்தேன்.