ஆற்றங்கரைச் சைக்கிள் குறிப்புகள்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

காலையிலேயே நல்ல எதிர்க்காற்று. போகும்போது மிதித்துக் கடந்துவிட்டால் திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று அந்தத் திசையிலேயே கிளம்பினேன். நகரத்தின் கடைசிப் பாலம் தாண்டினால் வயல்வெளி, காற்றை மறிக்க ஒரு மரம்கூடக் கிடையாது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். இங்கே அவசரப்பட்டுப் பயனில்லை.

மெதுவாகப் போவதால்தான் நாணலுக்குள் நிற்பதெல்லாம் கண்ணில் படுகிறது. சாம்பல் நாரை ஒன்று எழும்பி, கழுத்தை மடித்துக்கொண்டு பறந்தது. செங்கால் நாரை என்றால் கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். எவ்வளவு தூரத்தில் பறந்தாலும் இதை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

வாய்க்கால் மதகுக் கம்பியில் ஒரு மீன்கொத்தி. பிடித்த மீனைக் கம்பியில் இப்படியும் அப்படியுமாக அடித்தது. அசைவு நின்றதும் அலகிலேயே திருப்பி, தலைப்பக்கம் உள்ளே போகும்படி விழுங்கியது. வால்பக்கமாக விழுங்கினால் செதிலும் துடுப்பும் தொண்டையில் சிக்கும். ஒரு காலை ஊன்றி நின்று முழுவதையும் பார்த்தேன்.

இன்று உலக ஈரநில நாள். 1971-ல் இதே தேதியில் ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை உருவானது.

பிப்ரவரி 8, சனி

மேற்பகுதியில் மழை. கீழ்ப்பாதை முழுகிவிட்டது, கரைமேல்தான் ஓட்டினேன்.

ஆற்றில் தண்ணீர் கலங்கலாகச் சுழித்து ஓடுகிறது. அதே தண்ணீர் சதுப்புக்குள் நுழைந்ததும் வேகம் செத்துவிடுகிறது. நாணல் தண்டுகள் அதை மறித்து மறித்துப் பரவவிடுகின்றன. இப்படிப் பரவ இடமில்லாவிட்டால் இவ்வளவும் ஒரே நேரத்தில் கீழே நகரத்துக்குத்தான் போய்ச் சேரும். வழியில் சந்தித்த ஒருவர் கீழ்ப்பாதையை உயர்த்திக் கான்கிரீட் போட வேண்டும் என்றார். எனக்குச் சம்மதமில்லை. உயர்த்தினால் பாதையே ஒரு அணை மாதிரி நின்று ஆற்றையும் சதுப்பையும் பிரித்துவிடும். வருஷத்தில் கொஞ்ச நாள் நாம் ஒதுங்கிப் போனால் என்ன குறைந்துவிடும்?

பிப்ரவரி 16, ஞாயிறு

தண்ணீர் வடிந்துவிட்டது. பாதை முழுக்க வண்டல், மாவு போல நைசாக. ஓரத்து வயல்களிலும் அதே வண்டல்தான் படிந்திருக்கிறது. ஆற்றோர மண் செழிப்பது இப்படித்தான். சைக்கிளுக்கு மட்டும் அது ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சங்கிலியை அரைத்துத் தேய்த்துவிடும். வீட்டுக்கு வந்ததும் முதலில் துணியால் அழுத்தித் துடைத்தேன், அப்புறம்தான் எண்ணெய்.

பவளக்கால் உள்ளான்கள் நிறைய வந்திருக்கின்றன, ஆழம் குறைந்த இடமெல்லாம் அவைதான். கீழ்ப்பாதையில் போகிறவர்கள் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், சேற்றில் பிடிமானம் கிடைக்கும். ஒல்லி டயர் என்றால் மண் இறுகும்வரை கரைமேலேயே போங்கள்.