சின்னக் குழந்தைகளோடு சென்னை நடுவில் வீடு பார்க்கிறவர்களுக்கு

மயிலாப்பூரா, தி.நகரா, புரசைவாக்கமா என்று ஏரியாவின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் வீடு தேடுகிறவர்கள்தான் அதிகம். ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு இந்த வரிசை ஒத்துவராது. அதே மயிலாப்பூரில் குழந்தையைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போகக்கூடிய தெருவும் உண்டு, வாசலில் கால் வைத்ததும் இடுப்பில் தூக்கிக்கொள்ள வேண்டிய தெருவும் உண்டு. நகர் நடுவில் வாடகை அதிகம், இடம் குறைவு, இரைச்சலும் உண்டு. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ள ஒரே நியாயம், அன்றாடம் வேண்டியது நடக்கிற தூரத்தில் இருப்பது. அது கிடைக்காத தெருவுக்கு நடுச்சென்னை வாடகை கொடுப்பது வீண்.

நாலு வயதுக் குழந்தை நின்று நின்று வேடிக்கை பார்த்து நடந்தால் பத்து நிமிடத்தில் 400 மீட்டர் போகும். பார்க்கப்போகும் வீட்டிலிருந்து அந்த வட்டத்தை வரைந்துகொள்ளுங்கள். ப்ளே ஸ்கூல் அல்லது அங்கன்வாடி, பால், காய்கறி, மருந்துக்கடை, விளையாட ஒரு பூங்கா, பஸ் நிறுத்தம் அல்லது ரயில் நிலையம். இவற்றில் எத்தனை உள்ளே விழுகிறது என்று பாருங்கள். நடுவே ஆர்.கே. மடம் சாலை, உஸ்மான் சாலை, ராயப்பேட்டை நெடுஞ்சாலை போன்ற ஒன்று குறுக்கிட்டு, கடக்கும் இடத்தில் சிக்னலும் இல்லை என்றால் எதிர்ப்பக்கம் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தினமும் இரண்டு முறை, கையில் குழந்தையும் தோளில் பையுமாக அந்தச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும்.

புரோக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு காட்டுவார்கள். அந்த நேரத்தில் எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். வேலைநாளில் காலை எட்டிலிருந்து எட்டே முக்கால் வரையிலும், மாலை ஆறு மணி வாக்கிலும் இன்னொரு தடவை போங்கள், குழந்தையோடு. நடைபாதையில் பைக் நிற்கிறதா, மழைநீர் வடிகால் மூடிகள் ஆடாமல் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா, மாடும் நாயும் எங்கே படுக்கின்றன என்று பாருங்கள். முக்கியமாக மின்வாரியத்தின் பில்லர் பெட்டிகள். நகரின் நடுப்பகுதியில் கேபிள் தரைக்கடியில் போவதால் இந்தப் பெட்டிகள் நடைபாதையோரம் நிற்கின்றன. கதவு உடைந்த பெட்டி குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். மழைநீர் தேங்கினால் பக்கத்தில் நடப்பதே ஆபத்து.

தண்ணீரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடம் "தண்ணி வருமா?" என்று கேட்டால் "பிரச்சினையே இல்ல" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) தினமுமா, ஒன்றுவிட்டு ஒரு நாளா, எத்தனை மணிக்கு? சம்ப் (தரைக்கடித் தொட்டி) எத்தனை லிட்டர்? போர் தண்ணி தனிக் குழாயா, சம்பில் கலக்கிறதா? போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள், காசு யார் கொடுத்தது? நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். எட்டு வீட்டு அடுக்ககத்தில் வீட்டுக்கு நாலு பேர் என்றால் 4,320 லிட்டர். ஒரு 9,000 லிட்டர் லாரி இரண்டு நாளைக்குத்தான் வரும். துணி நாப்கினும் தினமும் இரண்டு குளியலும் உள்ள வீட்டில் செலவு இதைவிடக் கூடும். தெருவில் லாரி திரும்ப முடியுமா என்பதும் கேள்வி. லாரி நுழைய முடியாத சந்தில் தீயணைப்பு வண்டியும் நுழையாது.

அளவைவிடக் குழந்தைக்கு முக்கியம் சுத்தம். பழைய பகுதிகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கம் பக்கமாகப் போகும். அழுத்தம் குறைவு என்று சிலர் தெருக் குழாயிலிருந்து நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். அப்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, இணைப்பில் விரிசல் இருந்தால் வெளியே நிற்கும் சாக்கடையை உள்ளே இழுத்துவிடும். அதனால்தான் ஒரே தெருவில் நாலு வீட்டில் மட்டும் நாற்றமடிக்கும், மற்ற வீட்டுக்காரர்கள் "எங்களுக்கு நல்லாத்தான் வருது" என்பார்கள். தண்ணீர் விடும் நேரத்துக்குப் போய் முதல் வாளியை முகர்ந்து பாருங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், மாடிவீட்டுக்காரருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை டிடிஎஸ் மீட்டரால் பார்த்துவிடலாம். இந்தியத் தரநிலைப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. ஆனால் அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும். சாக்கடை கலந்ததைக் காட்டாது.

சம்ப் மூடியை நீங்களே திறக்கச் சொல்லிப் பாருங்கள். பூட்டு வேண்டும், மூடி ஆடக் கூடாது. மெல்லிய தகர மூடி துருப்பிடித்து, மேலே நின்ற குழந்தையோடு உள்ளே போவது இந்த ஊரில் நடக்கிற விபத்து. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பழைய வீடுகளில் கிணறு இருந்தால் மேலே இரும்புக் கம்பி வலை கட்டாயம். சம்ப் மூடி தெருமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். சாலையைச் சுரண்டாமல் தார்மேல் தார் போட்டுப் போட்டுப் பல தெருக்கள் வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டன. பெருமழையில் தெருத்தண்ணீர் முதலில் இறங்கும் இடம் சம்ப்தான். வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

வெள்ளத்துக்கு 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று மூன்று தேதியையும் சொல்லி, தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று எதிர்வீட்டிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். சுவரில் கறைக்கோடு இருக்கும். புதுப் பெயின்ட் கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தால் அதுவும் பதில்தான். 2021இல் தி.நகரில் ஜி.என். செட்டி சாலை, விஜயராகவா சாலைப் பக்கம் நாள்கணக்கில் நீர் நின்றது. மாம்பலம் கால்வாய் அடைபட்டால் அங்கேதான் தேங்கும். மேற்கு மாம்பலத்தில் வீடு, தி.நகரில் பள்ளி என்று வைத்துக்கொண்டால் மழைநாளில் துரைசாமி சுரங்கப்பாதை மூடப்படும், பிள்ளை அந்தப் பக்கம், பெற்றோர் இந்தப் பக்கம். பள்ளியும் வீடும் ரயில் பாதைக்கு ஒரே பக்கம் இருக்கட்டும். முதல் மாடி வீடாக இருந்தாலும் மின்மீட்டர் போர்டு கீழே எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது நனைந்தால் மொத்தக் கட்டடத்துக்கும் கரண்ட் போகும், மோட்டார் ஓடாது, தண்ணீரும் நிற்கும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியது சுருக்கம். பால்கனி, ஜன்னல் கம்பி இடைவெளி நாலு அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். படுக்கைவாட்டுக் கம்பி குழந்தைக்கு ஏணி. பால்கனியில் ஏசி வெளிப்பெட்டி தரையில் இருந்தால் அது ஏறும் படி; சுவரில் மேலே ஏற்றச் சொல்லுங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் நாலடியாவது வேண்டும். இழுத்துச் சாத்தும் மடிப்புக் கிராதிக் கதவுள்ள பழைய லிஃப்டில் குழந்தையின் விரலும் காலும் இடைவெளியில் போகும். லிஃப்டே இல்லாத மூன்றாவது மாடி, கைக்குழந்தை, காய்கறிப் பை, ஸ்ட்ரோலர் எல்லாம் சேர்ந்தால் ஆறு மாதத்தில் வெறுத்துவிடும்.

இனி பகுதிகள். மயிலாப்பூரில் மாட வீதிகளுக்கு ஒட்டியதைவிட லஸ் சர்ச் சாலை, நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு நடக்கும் தூரத்தில் உள்ள உள்தெருக்கள் குழந்தைக்கு நல்லது. கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவில் தேர், அறுபத்துமூவர் நாட்களில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்குள் வண்டி வராது. அதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் குழந்தைக்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம் இல்லை. பக்கிங்காம் கால்வாய்க்கு மேலே பறக்கும் ரயில் போகும் பக்கம் கொசு அதிகம். ஜன்னல் வலை இல்லாமல் குடிபோகாதீர்கள். கச்சேரி சாலை, திருமயிலை நிலையப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியின் தடுப்புகள் எந்த வாசலை அடைத்திருக்கின்றன என்று நேரில் பாருங்கள்.

தி.நகரில் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலையிலிருந்து எவ்வளவு விலகுகிறீர்களோ அவ்வளவு நல்லது. வெங்கட்நாராயணா சாலையில் நடேசன் பூங்காவைச் சுற்றிய தெருக்களில் குழந்தை வளர்க்கலாம். துணிக்கடைகளின் பின்தெருவில் ஜெனரேட்டர் புகை நேராகப் படுக்கையறைக்கு வரும். ஆடித் தள்ளுபடியிலிருந்து தீபாவளி வரை வீட்டு வாசலை மறித்து வண்டி நிற்கும். திருவல்லிக்கேணியில் கடற்கரை, கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ரயில் எல்லாம் பக்கம். ஆனால் தனியாள்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன்கள் நிறைந்த சந்துகளில் குடும்ப வீடு குறைவு, தெருவில் மாடு அதிகம், சேப்பாக்கத்தில் மேட்ச் உள்ள நாள் வீடு திரும்புவது கஷ்டம். அடிக்கடி உடம்புக்கு முடியாத குழந்தை என்றால் எழும்பூர், வேப்பேரி, புரசைவாக்கம் பக்கம் பாருங்கள். அரசு குழந்தைகள் நல மருத்துவமனை எழும்பூர் ஹால்ஸ் சாலையில் இருக்கிறது. நள்ளிரவிலும் குழந்தைகளுக்கென்றே டாக்டர்கள் இருக்கும் இடம். நேரு பூங்கா, எழும்பூர் மெட்ரோவும் கைக்கெட்டும். ஆனால் பட்டாளம், புளியந்தோப்பு நோக்கிப் போகப் போகத் தாழ்வான இடம். கோபாலபுரத்தின் உள்தெருக்களை இந்தப் பட்டியலில் குழந்தை நடக்க ஏற்றவை என்று முதலில் சொல்வேன். அங்கே சிக்கல், வீடு காலியாவதே அபூர்வம்.

பள்ளிக்காக ஒரு குறிப்பு. கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு கிலோமீட்டர் தூரம் பார்க்கிறார்கள். எல்கேஜிக்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே புது முகவரிக்கு ஆதாரம் கையில் இருந்தாக வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றிலும் எல்கேஜி உண்டு, நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசிக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை. வட்டத்துக்குள் அது எங்கே என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை குழந்தைக்கு டிக்கெட் இல்லை, சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாவுக்கும் இல்லை. பஸ் நிறுத்தம் அருகில் இருந்தால் மாதச் செலவில் ஆட்டோக் கணக்கு கணிசமாகக் குறையும்.

ஏப்ரல், மே மாதங்களில் எல்லோரும் வீடு தேடுவார்கள், வாடகை இறங்காது. ஆடியில் புதுவீட்டுக்குக் குடிபோகப் பலர் தயங்குவதால் காலியாக நிற்கும் வீட்டின் சொந்தக்காரர் பேச்சுக்கு இறங்கி வருவார். அப்போது அட்வான்ஸ் கொடுத்து வைத்து ஆவணி முதல் வாரம் போகலாம். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். முகவரி ஆதாரத்துக்கும் அது உதவும். சம்ப் பூட்டு, ஜன்னல் வலை, பால்கனிக் கிரில், லாரித் தண்ணீர்ப் பங்கு, மின்சாரத்துக்கு உங்கள் வீட்டுக்கென்று தனி மீட்டரா அல்லது வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவாரா என்பதை எல்லாம் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கிரில் வேலை முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மீதி அட்வான்ஸைக் கொடுங்கள்.